கோச்சி வீடு

என் தங்கச்சி மேல் எனக்குப் பொறாமை. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் பிடித்திருக்கிறது. அந்தக் காலத்தில் கேட்டவர்களிடமெல்லாம் "அவள் எங்கடை பரம்பரை வீட்டைக் கெடுத்துப்போட்டாள், அதுதான் எனக்குக் கோவம்" என்று சொல்லித் திரிந்தேன். கோபம் என்றால் ஊரில் ஒரு மதிப்பு உண்டு. பொறாமை என்றால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

வீடு என்று நான் சொல்வது கொக்குவிலில் ரயில் பாதைக்குக் கிட்ட இருந்த பெரிய வளவு. ஒல்லாந்தர் காலத்தில் எங்கள் முன்னோர் ஒருவர் ஏதோ உத்தியோகம் பார்த்த பவிசில் கட்டியது. பிறகு தாய்வழியாகச் சீதனத்தில் இறங்கி இறங்கி எங்கள் அம்மாவிடம் வந்து சேர்ந்தது. நடுவில் முற்றம், நாலு பக்கமும் விறாந்தை, விறாந்தையைச் சுற்றி அறைகள். சுவர் இரண்டு முழப் பருமன். வெயில் காலத்தில் உள்ளே போனால் ஆளுக்கு நித்திரை வரும்.

நான் மூத்தவள். எங்கள் பக்கத்தில் மூத்தவளுக்குக் கலியாணம் முதலில் நடக்கும். ஆனால் தாய் தகப்பன் இருக்கும் வீடு கடைசிப் பெண்ணுக்குத்தான் போகும். அவர்களைக் கடைசிவரை பார்க்கப்போகிறவள் அவள்தானே. இந்த நியாயம் எனக்கு விளங்காமல் இல்லை. விளங்கினால் எரியாது என்று யார் சொன்னது? எனக்கு நகையும், வளவின் கிழக்குப் பக்கத்தில் ஆறு பரப்புக் காணியும், அதில் ஒரு சின்னக் கல்வீடும், கிணற்றில் பாதியும் எழுதினார்கள். தங்கச்சிக்குப் பெரிய வீடும், மிச்ச வளவும், கிணற்றில் மற்றப் பாதியும். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்று பெற்ற ஐயாவிடம் நேரில் சொன்னேன். ஐயா சிரித்துவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்தார்.

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது சரியாக எல்லையில் கிடந்தது. தென்னோலை பின்னிய கிடுகு வேலி வடக்கே இருந்து வந்து கிணற்றுக் கட்டில் முட்டி நிற்கும். மறுபக்கக் கட்டிலிருந்து திரும்பத் தொடங்கித் தெற்கே போகும். கிணற்றின் வாய்க்கு மட்டும் வேலி இல்லை. இப்பக்கம் நின்று நான் அள்ளினால் அப்பக்கம் அள்ளுகிறவளின் முகம் எனக்குத் தெரியும். இப்படிப்பட்ட பங்குக் கிணறுகள் எங்கள் ஊரில் நிறைய. தோட்டத்துக்கு இறைக்கும்போது பங்குக்காரர்கள் முறை வைத்துக்கொள்வார்கள்: இன்றைக்கு எனக்கு, நாளைக்கு உனக்கு. சமையலுக்கும் குடிக்கவும் அள்ளுகிற தண்ணீருக்கு ஒருவரும் முறை பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வேலியில் ஒரு பொட்டும் இருந்தது. வேலிக்கு நட்ட இரண்டு கதியாலுக்கு நடுவில் கிடுகு கட்டாமல் விட்ட இடைவெளிதான் பொட்டு; ஒரு ஆள் குனிந்து போய்வரலாம். சொந்தக்காரர் வீடுகளுக்கு நடுவில் அப்படி ஒன்று இல்லாவிட்டால் ஊர் கதை கட்டத் தொடங்கிவிடும். நாங்கள் குழம்புச் சட்டியையும் குங்குமத்தையும் கோபத்தையும் அதற்குள்ளால்தான் கொண்டுபோனோம்.

தங்கச்சியின் புருஷன் மலாயாவில் ரயில்வே உத்தியோகம். நான் அவரை மலாயாக்காரர் என்றுதான் சொல்வேன், முகத்துக்கு நேரே சொல்வதில்லை. லீவில் வருவார், போவார். அம்மாவும் ஐயாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். தங்கச்சிக்குப் பிள்ளை பிறக்கவில்லை. எங்கள் தேசவழமைச் சட்டப்படி, பிள்ளையில்லாமல் ஒருத்தி கண்ணை மூடினால் அவளுடைய சீதனம் கூடப்பிறந்தவர்களுக்குத் திரும்பும். கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். எனக்கும் ஒரே மகள்.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நான் தங்கச்சி சாக வேண்டும் என்று நினைத்ததே இல்லை. அவளை நூறு வயசுவரை அந்த வீட்டில் இருக்கவிட்டு, அதற்குப் பிறகு வீடு என் மகளுக்கு வருவதாக மனதுக்குள் உறுதிப் பத்திரம் எழுதி வைத்திருந்தேன். அவளுக்கு நூறு ஆகும்போது எனக்கு நூற்றிநாலு ஆகும், மகளும் கிழவியாகியிருப்பாள் என்பது எனக்குத் தோன்றவில்லை. என் மகள் பெரிய வீட்டின் சொந்தக்காரியாக அந்த முற்றத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அதற்காகவே அவளைச் சின்ன வயசிலிருந்து பொட்டுக்குள்ளால் அனுப்பிவிடுவேன். "போ, சின்னம்மா தனிய இருக்கிறா" என்று சொல்வேன். பிள்ளை போகும். போனால் சாப்பாட்டுக்குத்தான் திரும்பி வரும். அதிலும் பாதி நாள் சாப்பிட்டுவிட்டுத்தான் வரும்.

மலாயாக்காரர் பென்ஷன் எடுத்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. சேட்டுப் பையில் மடக்குகிற அளவுகோல் ஒன்றை வைத்துக்கொண்டு வீடு முழுக்க அளந்தார். ஒரு காலைநேரம் தங்கச்சி பொட்டுக்குள்ளால் குனிந்து வந்து என் குசினி வாசலில் நின்றாள்.

"அக்கா, நாங்கள் வீட்டைப் பிரிக்கப் போறம்."

"ஆருக்குப் பிரிக்கிறியள்? உங்களுக்குத்தான் பிள்ளை குட்டி இல்லையே" என்றேன்.

சொன்ன பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. அவள் முகம் மாறவில்லை. இப்படியான சொற்களுக்கு அவள் பழகியிருந்தாள்.

"குடிவைக்கப் போறம் அக்கா. ரவுணிலை உத்தியோகம் பாக்கிற சனம் வீடு தேடி அலையுது. ஸ்டேசன் கிட்ட எண்டபடியாலை இஞ்சை கட்டாயம் வருவினம். ஆறு குடும்பம் இருக்கலாமாம். ஒவ்வொருத்தருக்கும் தனி வாசல், தனிக் குசினி. கோலாலம்பூரிலை இப்பிடித்தானாம், ஒரு கூரைக்குக் கீழை இருபது குடும்பம் இருக்குமாம்."

"நாற்சார் வீட்டை உடைச்சோ?"

"உடைக்கேல்லை. அறைக்கு வெளிப்பக்கம் வாசல் வெட்டுறது. முற்றம் எல்லாருக்கும் பொது." வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "பகலிலை கூட ஒரு சத்தமில்லை அக்கா, அந்த வீட்டிலை. நான் தும்மினா ஆரோ வந்திட்டினம் எண்டு நானே திரும்பிப் பாக்கிறன்."

அன்றைக்கு நான் அழுதேன். பரம்பரை வீடு, முன்னோர் கட்டினது, கண்ட கண்ட சனம் வந்து கால் நீட்டப்போகுது என்று சொல்லிச் சொல்லி அழுதேன். என் புருஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை.

"ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுத கதைதான் உம்மடை கதை" என்றார்.

வேலை தொடங்கியது. கிடுகு வேலி காய்ந்து சுருங்கினால் கண் வைக்க இடம் கிடைக்கும். எந்தெந்த இடம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதல் நாளே இரண்டு இரும்பு அலவாங்கு வளைந்து போனது. அந்தச் சுவர் அப்படிப்பட்டது. எனக்கு ஒரே புளுகம். அன்றைக்குச் சந்தோஷத்தில் ஒரு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன். ஆனால் மலாயாக்காரர் வல்வெட்டித்துறைக்குப் போய் ஒரு வயதான மேசனைக் கூட்டிவந்தார். கப்பல்காரர்களின் வீடுகளில் வேலை செய்தவராம். அவர் அரைநாள் சுவரைக் கையால் தட்டித் தட்டிக் கேட்டார். பிறகு கல்லும் கல்லும் சேருகிற இடமாகப் பார்த்து உளியை வைத்தார். ஒரு கிழமையில் முதல் வாசல் திறந்தது.

ஒவ்வொன்றாக அறைகள் வீடுகளாகின. ஐயா ஆட்களைச் சந்திக்கிற அறை ஒரு வீடு. நெல் போட்டுவைக்கிற அறை நடுவில் சுவர் எழும்பி ஒரு வீடு. நான் பிறந்த அறையும் அதற்குப் பக்கத்துச் சின்ன அறையும் சேர்ந்து இரண்டாம் நம்பர். பின்பக்கம் வரிசையாக ஆறு குசினி இறக்கினார்கள், ஆறுக்கும் புகைக்கூடு. சாமியறையை மட்டும் தங்கச்சி தொடவிடவில்லை. அவளும் மலாயாக்காரரும் அதற்கு அடுத்த இரண்டு அறைகளுக்குள் ஒதுங்கிக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய வீட்டுக்காரி இரண்டு அறைக்குள் இருக்கிறாள் என்று நான் சந்தோஷப்பட்டிருக்கலாம். ஏனோ அந்தச் சந்தோஷம் எனக்கு வரவில்லை.

குடிவந்தவர்கள் அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர்மார், ஒரு ஸ்டேஷன் உத்தியோகத்தர், இரண்டு வாத்திமார். காலையில் ஆறு வாசலும் திறக்கும். துவைத்து மடித்த சட்டையோடு ஆண்கள் இறங்கி ஸ்டேஷனுக்கு நடப்பார்கள். ரயிலை எங்கள் பக்கத்தில் அப்போது கோச்சி என்போம். நான் கோயில் வீதியில் நாலு பெண்டுகளுக்கு நடுவில் நின்று சொன்னேன்: "எங்கடை வீடு இப்ப கோச்சியெல்லோ. பெட்டி பெட்டியாச் சனம் ஏறி இறங்குது." நல்லாய்ச் சிரித்தார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மாதம் ஒன்று போகவில்லை, தபால்காரர் "கோச்சி வீடு" என்று விலாசம் எழுதிய கடிதங்களைக் கொண்டுவந்தார். மலாயாக்காரர் காலமெல்லாம் ரயில்வேயில் இருந்த மனுஷன். அவர் வாசல்களில் வெள்ளைப் பெயின்றால் நம்பர் எழுதி முடித்துவிட்டு, கிணற்றடியில் என்னைக் கண்டு சொன்னார்:

"நீங்கள் வைச்ச பேர் நல்லாய் அமைஞ்சிட்டுது. எனக்கு இந்த யோசனை வரேல்லை, பாருங்கோ."

வைதால் கூட அவர்களுக்கு நன்மையாக முடிகிறதே என்று எனக்குத் தாங்க முடியவில்லை.

பிறகு உலக யுத்தம் வந்து கொழும்பிலே குண்டு விழுந்தது. கோச்சி கோச்சியாகச் சனம் வடக்கே வந்தது. கோப்பாய், கொக்குவில் என்று வெறும் கொட்டில்களைக் கூட மனுஷர் தேடித் திரிந்தார்கள். தங்கச்சி வீட்டில் ஆறு குடும்பம் என்பது பெயருக்குத்தான். அக்கா, மச்சாள், மாமி என்று ஒவ்வொரு வாசலுக்குள்ளும் இரட்டிப்புச் சனம். முற்றத்தில் பதினாலு பிள்ளைகள். நான் எண்ணினேன், அதனால் தெரியும். நான் பெரியபிள்ளையானபோது எனக்குச் சாமத்தியத் தண்ணீர் வார்த்த முற்றத்தில் யாரோ பெற்ற பிள்ளைகளின் துணி கொடியில் காய்ந்தது. எல்லாப் பிள்ளைகளும் தங்கச்சியைப் பெரியம்மா என்றன. காய்ச்சல் என்றால் அவளிடம் ஓடினார்கள். புருஷனோடு கொழுவல் என்றால் பெண்கள் அவளிடம் வந்து அழுதார்கள். சித்திரை வருஷத்தன்று கைவிசேஷக் காசு வாங்க அவள் முன்னால் வரிசையாக நின்றார்கள். பிள்ளையில்லாதவள் என்று ஊர் நல்ல காரியங்களில் ஒதுக்கி வைத்தவள். இப்போது அவள் நடுவில், ஊர் சுற்றிவர. வீடு அவளுக்குக் கிடைத்ததை நான் எப்படியோ பொறுத்துக்கொண்டிருந்தேன். அந்த வீடு அவளைச் சுற்றி இப்படிக் கலகலக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

என் மகளுக்கு அப்போது பதினெட்டு வயசு. நாலாம் நம்பருக்குக் கொழும்பிலிருந்து வந்த ஒரு பெண் தையல் மிசினோடு வந்திருந்தாள். மகள் அவளிடம் தைக்கப் பழகினாள். விடிந்தால் பொட்டுக்குள்ளால் போவாள், விளக்கு வைக்கிற நேரம் வருவாள். வந்தால் வாயெல்லாம் அந்த வீட்டுக் கதை. "சின்னம்மா சொன்னவ", "சின்னம்மா சிரிச்சவ". நான் என்ன சொன்னேன், என்ன செய்தேன் என்று அங்கே போய்ச் சொல்லுவாளோ என்று எனக்குள் கேள்வி. சொல்ல என்னதான் இருந்தது? நான் வேலிக்குள்ளால் பார்க்கிறேன் என்றா?

ஒரு நாள் கிணற்றடியில் தங்கச்சியைப் பார்த்தேன். புது ரவிக்கை போட்டிருந்தாள். கொழும்பு மாதிரி, கை கொஞ்சம் ஊதினாற்போல் வைத்துத் தைத்தது.

"ஆர் தைச்சது?" என்றேன்.

"பிள்ளைதான். முதன்முதல் தைச்சதாம். எனக்கெண்டு கொண்டந்து தந்தவள்." அவள் கையை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினாள். அதில் ஒரு கள்ளமும் இல்லை. அவளுக்குச் சந்தோஷம், அவ்வளவுதான்.

நான் பெற்றேன், நான் வளர்த்தேன், முதல் ரவிக்கை அவளுக்கு. அன்றைக்கு வரைக்கும் நான் பொறாமைப்பட்டது சுவருக்கும் முற்றத்துக்கும். அந்த நிமிஷத்தில் அது என் பிள்ளைக்காக என்று ஆகிவிட்டது. வீடு மகளுக்கு வரட்டும் என்று நான் அவளைப் பொட்டுக்குள்ளால் அனுப்பினேன். வீடு வரவில்லை, மகள் போய்விட்டாள்.  வீட்டுக்குள் போய் அலுமாரியைத் திறந்து சீதன உறுதியை எடுத்தேன்.

அந்த மாதம் வேலி அடைக்கிற காலம். கூலிக்காரர் புதுக் கிடுகு கொண்டுவந்து இறக்கியதும் பொட்டைக் காட்டி, "இதையும் சேர்த்துக் கட்டுங்கோ" என்றேன். ஒருவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு கட்டினான். மகள் அங்கே இருந்து திரும்பி வரும்போது வழியில்லை. தெரு ஒழுங்கையால் சுற்றிக்கொண்டு படலையைத் திறந்து வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல நான் பதில் வைத்திருந்தேன்.

அடுத்த நாள் ஊர்த் தலைமை விதானையாரைக் கூப்பிட்டு உறுதியைக் காட்டினேன். என் பாதிக் கிணற்றில் முப்பது பேர் அள்ளுகிறார்கள், தோட்டத்துக்கு இறைக்கத் தண்ணீர் காணாது, எனக்கு முறை வேண்டும் என்றேன். விதானையார் நல்ல மனுஷர். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு தரம் வாசித்தார்.

"பிள்ளை, உறுதிப்படி உமக்கு நியாயம் கிடக்கு. ஆனா முறையெண்டது தோட்டத்துக்கு. குடிக்கிற தண்ணிக்கு ஆரும் முறை கேக்கிறேல்லை."

"உறுதியிலை தோட்டத்துக்கு மட்டுமெண்டு எழுதிக் கிடக்கோ?"

எழுதவில்லை. எழுத வேண்டும் என்று அதை எழுதின நொத்தாரிசுக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் இப்படி ஒருத்தி கேட்பாள் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார். ஒருநாள் எனக்கு, ஒருநாள் அவர்களுக்கு என்று முடிவானது. தங்கச்சி வேலிக்கு அப்பால் நின்று கேட்டுவிட்டு, "அக்காவின்ரை விருப்பம்" என்றாள். அவள் சண்டைக்கு வருவாள், பத்து வார்த்தை சொல்வாள், நான் இருபது சொல்வேன் என்று காத்திருந்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

என் முறை நாட்களில் கோச்சி வீட்டுப் பெண்கள் குடமும் வாளியுமாகக் கோயில் கிணற்றுக்கு நடந்தார்கள். போகவரக் கால் மைல். என் படலையைத் தாண்டித்தான் போகவேண்டும். கொழும்பில் குழாயைத் திருப்பினால் தண்ணீர் கண்ட பெண்கள். இரண்டு கிழமையில் பெட்டியைக் கட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் கட்டவில்லை. மலாயாக்காரர் பின்வளவில் புதுக் கிணறு தோண்டிப் பார்த்தார். தண்ணீர் உவராக வந்தது, வாயில் வைக்க முடியாது. பிறகு பெரிய பீப்பாக்கள் வாங்கி வைத்து, தங்கள் நாளில் நிரப்பிக்கொண்டார்கள். தங்கச்சியும் மற்றப் பெண்களோடு குடம் எடுத்துக்கொண்டு நடந்தாள். நடந்து போகும்போது அவர்கள் எதையோ கதைத்துச் சிரித்துக்கொண்டு போவார்கள். அந்தச் சிரிப்பும் எனக்கு எரிந்தது.

என் நாளில் கிணறு சும்மா கிடக்கும். எங்கள் மூன்று பேருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? வெறுமையாய்க் கிடந்தால் ஊர் பார்த்துச் சிரிக்கும் என்று வாழைக்கு இறைப்பித்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று தவறாமல் இறைத்ததில் அடி அழுகி இருபது வாழையும் சரிந்தன. தன் மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனப்பிழை ஆனால் போதும் என்று இருந்தேன்.

"தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது, வைக்கல் பட்டடை நாயெண்டு சொல்லுறது" என்று என் புருஷன் ஒருநாள் தொடங்கினார்.

"ஆரை?"

"பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிற பாடம்" என்றுவிட்டு எழுந்து போனார்.

மகள் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. சொன்ன வேலை செய்தாள். கேட்டால் பதில் சொன்னாள். எனக்கும் ஒரு ரவிக்கை தைத்துத் தந்தாள். அளவு சரியாகத்தான் இருந்தது. நான் கேட்டு வாங்கியது போல் இருந்ததால் அதைப் போடப் பிடிக்கவில்லை.

அடுத்த வருஷம் அவளுக்குக் கலியாணம் பேசி வந்தது. மாப்பிள்ளை ரவுணில் ஒரு கந்தோரில் கிளாக்கர், அமைதியான பெடியன். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வந்து இருப்பார். என் வீட்டையே மகளுக்குச் சீதனமாக எழுதினோம். வடக்குப் பக்கம் ஒரு அறை புதிதாக இறக்கி, வெள்ளை அடித்து, கட்டிலும் போட்டு வைத்தேன். கலியாணத்துக்குத் தங்கச்சி ஒழுங்கையால் சுற்றி, முன்படலையால், தட்டம் ஏந்திக்கொண்டு வந்தாள். பிறத்தியார் வருவது போல் வந்தாள். பந்தலில் எல்லாரும் பார்த்தார்கள். நான் "வா" என்றேன். சொல்லிவிட்டு அடுத்து வந்தவர்களை வரவேற்கத் திரும்பினேன்.

நாலாம் சடங்கு முடிந்து இரண்டு நாள் இருக்கும். நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். மகள் வந்து எனக்கு முன்னால் பலகையில் இருந்தாள்.

"அம்மா, நாங்கள் வேறையாய் இருப்பமெண்டு யோசிக்கிறம்."

"எங்கை?"

"கோச்சி வீட்டிலை. இரண்டாம் நம்பர்க்காரர் கொழும்புக்குத் திரும்பிப் போயிட்டினம். அது வெறுமையாய்க் கிடக்கு."

என் கை நின்றுவிட்டது. "சின்னம்மா கூப்பிட்டவவோ?"

"இல்லை. சின்னம்மா வேண்டாமெண்டுதான் சொன்னவ. அம்மாவோடை இரு எண்டவ. நாங்கள்தான் கேட்டனாங்கள். சும்மா இருக்கச் சொன்னா இருக்கமாட்டம், மற்றவையைப் போலை வாடகைக்குத்தான் எண்டு இவர் சொல்லிப்போட்டார். சும்மா இருந்தா நீங்கள் சின்னம்மா எங்களை வளைச்சுப் பிடிச்சுப்போட்டா எண்டுவியள்."

"பெத்த தாய் எழுதித் தந்த வீடு கிடக்க, பக்கத்து வளவிலை வாடகைக்கோ? ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் இப்பவே சொல்லுதம்மா" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. "அந்தச் சனம் தண்ணிக்குப் படலையாலை போகேக்கை நான் ஒவ்வொரு முறையும் உள்ளுக்குப் போய் ஒளிக்கிறன். எனக்கு ஏலாது. இவர் கந்தோருக்குப் போற வழியிலை அவையின்ரை ஆம்பிளையளோடைதான் போகவேணும்."

நான் அழுது பார்த்தேன். சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். என் புருஷன் இரண்டு பேரின் பெட்டியையும் தன் கையால் தூக்கிக்கொண்டு ஒழுங்கைவழியாகப் போய் வைத்துவிட்டு வந்தார். நான் பிறந்த அறை. என் மகள் பெரிய வீட்டுக்குப் போக வேண்டும் என்று எத்தனை வருஷம் ஆசைப்பட்டேன். போனாள், வாடகைக்கு.

அடுத்த நாள் என் முறை. விடிந்ததும் குடத்தோடு கிணற்றடிக்குப் போனேன். மனதுக்குள் ஒன்றுதான் இருந்தது: மகள் அப்பக்கம் வருவாள், முகத்தைப் பார்க்கலாம். வந்தாள். புதுக் குடம், கலியாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்தது. அவளுக்குப் பின்னால் மற்ற வாசல்களின் பெண்களும் வந்து நின்றார்கள், கோயில் கிணற்றுக்குப் புறப்பட்டவர்கள். தங்கச்சியும் நின்றாள்.

மகள் கிணற்றுக் கட்டுக்கு வரவில்லை. இரண்டு அடி தள்ளியே நின்று, "இண்டைக்கு உங்கடை நாள், என்னம்மா?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை. தெரியாத ஊரில் வழி கேட்பது போல் கேட்டாள்.

"நீ அள்ளு, பிள்ளை" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "உனக்கென்ன நாள்? வந்து அள்ளு."

அவள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

"எனக்கு மட்டுமோ?"

ஆறு வாசல் பெண்கள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் என் தங்கச்சி நின்றாள், தலையில் நரை ஏறி, இடுப்பில் குடத்தோடு. எல்லாருக்கும் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எனக்கு அது தெரியும். ஆனால் அந்தச் சொல் அவளுக்கும் சேர்த்துப் போய்விடும் என்று தோன்றிய உடனே என் நாக்கு எழும்பவில்லை. மகள் ஒரு மனுஷி எவ்வளவு நேரம் காத்து நிற்கலாமோ அவ்வளவு நேரம் நின்றாள். பிறகு, "சரி அம்மா, நாளைக்கு அள்ளுறன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

அவர்கள் ஒழுங்கையில் இறங்கி என் படலையைத் தாண்டிப் போவது கேட்டது. அன்றைக்கு எவரும் சிரிக்கவில்லை. நான் வாளியை இறக்கி ஒரு தரம் அள்ளினேன். குடம் நிரம்பிவிட்டது. எனக்கு அன்றைக்கு அந்தக் கிணற்றில் அவ்வளவுதான் தேவையாக இருந்தது.